பஞ்சு வைக்காத காது

அருப்புக்கோட்டையில் பஞ்சு கிடைக்காத தெரு கிடையாது. பருத்தி வண்டி போன தடமெல்லாம் முள்வேலியில் பஞ்சு தொங்கும். கல்லூரி ரைஃபிள் குழுப் பையன்கள் சைக்கிளில் வருகிற வழியிலேயே அதைப் பிய்த்து உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு கண்மாய்க்கு வந்து சேர்வார்கள். அடைத்துக்கொள்ளாத ஆள் ஒருவர்தான். அவர்களுடைய கோச் ராஜகுரு.

"பஞ்சை வச்சுக்கிட்டா நான் எதைக் கேட்டுச் சொல்லிக் குடுக்குறது?" என்பார்.

ராஜகுரு சரித்திர ஆசிரியர். சீனாக்காரன் சண்டை முடிந்த கையோடு காலேஜ் பையன்கள் எல்லாரும் என்.சி.சி. காக்கி போட வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டபோது, பையன்களை மேய்க்க ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். பிரின்ஸ்பால் தன் எதிரே நின்ற ஆசிரியர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத முகம் ஒன்றுதான் இருந்தது. அந்த முகத்தை மூன்று மாதப் பயிற்சிக்கு வடக்கே அனுப்பினார்கள். பாளையம்பட்டி ரோட்டில் மளிகை, எண்ணெய் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை துப்பாக்கியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சுடுவதில் அவர் ஒன்றும் சூரர் இல்லை. அவருடைய அட்டையில் விழுந்த ஓட்டைகளை ஒன்றுசேர்த்து மூட வேண்டுமென்றால் பெரிய கூடை ஒன்று வேண்டும்.

ஆனால் அவருக்குக் காது இருந்தது. ஜமுக்காளத்தில் குப்புறப் படுத்துக் குறி பார்க்கிற பையனுக்குப் பக்கத்தில் குந்தி, தலையைச் சாய்த்து, அவன் மூச்சைக் கேட்பார். இழுத்த மூச்சில் பாதியை விட்டு மீதியை நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்துக்குள் விசை தானாக விழ வேண்டும். விரல் அவசரப்பட்டு இழுத்தால் அதற்கு ஒரு சத்தம். பழுத்த பழம் மாதிரி தானாக விழுந்தால் அதற்கு வேறு சத்தம். வெடித்த மறுநொடி, அட்டையைப் பார்க்காமலே, "வலது பக்கம் கீழ இழுத்துட்டே" என்பார். அட்டையைக் கழற்றி வந்து பார்த்தால் ஓட்டை வலது பக்கம் கீழேதான் இருக்கும்.

பயிற்சி நடந்தது திருச்சுழி ரோட்டில் ஒரு கண்மாய்க்குள். முக்கால் வருஷம் அது காய்ந்து கிடக்கும். உயரமான கரை தோட்டாக்களை வாங்கிக்கொள்ளும். சர்க்கார் சுவர் கட்டித் தர வேண்டிய அவசியமே இல்லை. சுற்றுப்பட்ட ஊர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்க, அந்தச் சீமையிலேயே மழை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்று நினைத்த ஒரே மனிதர் ராஜகுருவாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் சுட இடம் கிடையாது. இந்த நினைப்பை வெளியே சொன்னால் உதைப்பார்கள் என்பதால் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அவர் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்ட விஷயங்களில் அது சின்னது.

கல்லூரிக் காவலாள் மொக்கையன் கரைமேல் சிவப்புக் கொடி ஊன்றி அங்கேயே நிற்பான். ஆளோ மாடோ வந்தால் கத்துவான். சுடுகிறவர்கள் காதில்தான் பஞ்சு இருக்கிறதே, அவர்களுக்குக் கேட்காது. ராஜகுருவுக்குக் கேட்கும். அவர் உடனே விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே வரிசையில் ஓடி ஒவ்வொருவன் முதுகையும் தட்டுவார். துப்பாக்கிகள் இறங்கும். ஆக மொத்தம், அத்தனை துப்பாக்கிகளுக்கும் சேர்த்துத் திறந்திருந்த காது அவருடையது மட்டும்தான். அதை நம்பித்தான் எல்லாரும் படுத்தார்கள்.

அந்தக் காதுதான் போயிற்று.

ஒரே நாளில் போகவில்லை. வருஷா வருஷம் முகாமில் பெரிய துப்பாக்கி, திரீ நாட் திரீ சுடுவார்கள். அதற்கும் அவர் பஞ்சு வைக்கவில்லை. முதலில் காதுக்குள் சில்வண்டு கத்தியது. பிறகு வண்டு நின்று, அதோடு வேறு பலதும் நின்றன. கோவில் மணி கேட்டது. வகுப்பில் பையன் கேட்கும் கேள்வி கேட்கவில்லை. அறுபத்தொன்பதில் மதுரைக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். நரம்பு செத்துவிட்டது, இனி வராது, வெடிச் சத்தத்துப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ராஜகுரு அந்தத் தாளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டு பஸ் ஏறினார். அந்த வருஷம்தான் அவர் பையன்கள் முதல் தடவையாக மாவட்டக் கேடயம் வாங்கியிருந்தார்கள்.

காது கேட்காத ஆளைச் சுடுகளத்தில் நிற்க விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் யார்? மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஒரு சரித்திர வாத்தியார், அவ்வளவுதான். எனவே மறைத்தார். மறைப்பதில் மனிதர் கெட்டிக்காரராக இருந்தார். வகுப்பில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டார். கண்டிப்பான ஆசிரியர் என்று பெயர் வந்தது. ரோட்டில் பின்னாலிருந்து கூப்பிட்டவர்களுக்குத் திரும்பிப் பார்க்காமல் போனார். கேடயம் வாங்கினதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பெயர் வந்தது. அதையும் வாங்கிக்கொண்டார். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதியும் ஊகித்துப் பாதியும் பதில் சொல்வார். கண்மாயில் வெடிக்கு வெடி கரைப்பக்கம் கண்ணை ஓட்டி, மொக்கையன் கை ஆட்டுகிறானா என்று பார்த்துக்கொள்வார்.

விசித்திரம் என்னவென்றால், காது போன பிறகுதான் அவர் நிஜமாகவே பெரிய கோச் ஆனார். மூச்சைக் கேட்க முடியாததால் பையன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். கை காதைவிட நன்றாகக் கேட்டது. துப்பாக்கிக் குழாய்மேல் பத்துப் பைசாவை வைத்து, அது விழாமல் விசையை அழுத்தச் சொல்லி நாள் முழுக்க வெறும் துப்பாக்கியோடு படுக்கவைத்தார். பிடரியைப் பார்த்தே இவன் இப்போது சுடப்போகிறான், இவன் பயப்படுகிறான் என்று கண்டுகொண்டார். மாவட்டக் கேடயம் போய் மாநிலக் கேடயம் வந்தது. அடுத்த வருஷமும் வந்தது. சென்னைக் கல்லூரிகளின் கோச்சுகள், இந்தக் கரிசல்காட்டு ஆளுக்கு என்ன மந்திரம் தெரியும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை, சிரித்துவைத்தார். தன்னடக்கம் என்றார்கள்.

இதெல்லாம் வெளியே. வீட்டில் கோகிலாம்பாள் இருந்தாள்.

கோகிலாம்பாள் திருச்சுழியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் ஒரே மகள். பெண்பிள்ளை குரல் அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது என்று வளர்த்த வீடு அது. அவள் பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். கல்யாணமான புதிதில் ராஜகுருவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சோறு போட்டுக்கொண்டே அன்றைய கதை முழுவதையும் அந்தச் சின்னக் குரலில் சொல்வாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் குரல்தான் பிள்ளை. காதில் முதலில் தொலைந்து போனதும் அந்தக் குரல்தான்.

சாப்பிடும்போது "ம்" போட்டுச் சமாளித்தார். சில "ம்" சரியான இடத்தில் விழுந்தன, சில விழவில்லை. எழுபதில், மாநிலப் போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு காலையில் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது கோகிலாம்பாள் பின்னால் வந்து ஏதோ கேட்டாள். குனிந்திருந்தவர் திரும்பினார். அவள் கையில் மஞ்சள் பை. சந்தைக்குப் போகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன அவசரம்? அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அந்த வாரத்துக்குள் அவளுடைய அப்பா இறந்துபோனார். திருச்சுழி வீட்டு வாசலில், ஊரே கூடியிருக்க, குரல் சுவரைத் தாண்டாத கோகிலாம்பாள் தெருவே கிடுகிடுக்க அலறினாள். அந்த அலறல் ராஜகுருவின் செத்த காதுக்கும் எட்டியது.

"அப்பாவுக்கு முடியலையாம், போய்ப் பாத்துட்டு வரட்டுமான்னு கேட்டேனே! அடுத்த வாரம்னு சொல்லிட்டீகளே! கடைசியா ஒரு வாய் தண்ணி ஊத்த விடலையே!"

கூட்டம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது கேட்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கூட்டத்தில் கல்லூரி ஆசிரியர்கள் நாலைந்து பேர் துக்கம் கேட்க வந்து நின்றிருந்தார்கள். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. செவிடன் என்பதைவிடக் கல்நெஞ்சன் என்ற பெயர் பரவாயில்லை என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்து, மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இதைச் செய்துவிட்டு எப்படித்தான் தூங்கினாரோ. அந்த வருஷமும் கேடயம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு மாமியார் வீட்டு ஆட்கள் அவரை ஒரு நல்லது கெட்டதுக்கும் அழைக்கவில்லை. கோகிலாம்பாள் அவரிடம் எதையும் கேட்பதை நிறுத்தினாள். சோறு வந்தது, துணி துவைத்து வந்தது, காக்கிச் சட்டை கஞ்சி போட்டு வந்தது. பேச்சு வரவில்லை. ஊகிக்க வேண்டிய வேலை இல்லாமல் போனதில் முதல் சில நாள் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அந்த நிம்மதி கழுத்தைப் பிடித்தது. சாப்பிடும்போது அவள் உதட்டையே பார்ப்பார். அது அசையாது.

பழைய வீடு இருந்த தெரு அமைதியான தெரு. அங்கே இருந்தால் என்றைக்காவது மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, வாடகை குறைவு என்று ஒரு காரணம் சொல்லி, விசைத்தறித் தெருவுக்குக் குடி மாறினார். அருமையான யோசனை. அங்கே விடிந்ததிலிருந்து தறி அடித்துக்கொண்டே இருக்கும். சுவர் அதிரும், தரை அதிரும், சட்டியில் தண்ணீர் அதிரும். எல்லாரும் எல்லாரிடமும் கத்தித்தான் பேசுவார்கள். இல்லையென்றால் தறித் தெருப் பெண்கள் பேசுகிற மாதிரி, குரலே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் நிறுத்தி எடுத்து, விரலையும் சேர்த்துப் பேச வேண்டும். நடுவில் இரண்டு தறி ஓடும்போதே இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாமியாரைப் பற்றி முழுக் கதையையும் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தத் தெருவில் செவிடும் ஒன்றுதான், செவிடு இல்லாததும் ஒன்றுதான். ராஜகுரு அங்கே எல்லாரையும் போல உரக்கக் கத்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் இருந்தார்.

கோகிலாம்பாள் அந்த ஊமைப் பேச்சைப் பக்கத்து வீட்டு முத்துலட்சுமியிடம் கற்றுக்கொண்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முத்துலட்சுமி தறி ஓட்டுவாள். இந்தப் பக்கம் இவள் அரிசி புடைத்துக்கொண்டு நிற்பாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் பேசிச் சிரிப்பார்கள். ராஜகுரு உள் அறையிலிருந்து பார்ப்பார். மனைவி சிரிப்பதைப் பார்க்க அவருக்கு அந்த ஜன்னல் ஒன்றுதான் இருந்தது. அவர் எழுந்து வந்தால் பேச்சு நின்றுவிடும் என்பதால் எழுந்து வரமாட்டார். கேடயங்களைச் சுமந்துகொண்டு ரயிலடியில் இறங்கும்போது மாலையோடு ஒரு கூட்டம் நிற்கும். மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், தட்டில் சோறு மூடி வைத்திருக்கும். தன் வாழ்க்கையில் இனி யாரும் தன்னிடம் பேச மாட்டார்கள் என்று ஒரு நாள் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். அழுததும் சத்தமாகத்தான் இருந்திருக்கும். தறி அதை மூடிவிட்டது.

எழுபத்து நாலு ஆடி மாதம். மதுரையில் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று காலையில் காற்று மண்ணை வாரி அடித்தது. வெள்ளத்துரை என்ற பையன்மேல்தான் அந்த வருஷம் ராஜகுருவின் முழு நம்பிக்கையும். வரிசையில் மற்றவர்களும் சுட்டுக்கொண்டிருக்க, அவன் முதுகில் கையை வைத்து, பிடரியிலேயே கண்ணை வைத்துக் குந்தியிருந்தார். மூச்சு பாதி இறங்கியது, நின்றது. விசை விழுந்தது. நல்ல வெடி என்று கை சொன்னது. அடுத்த வெடிக்கு மூச்சு ஏறியபோதுதான் தலை நிமிர்ந்தார்.

இலக்கு அட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி கிடந்து உதைத்துக்கொண்டிருந்தது. கரைமேல் மொக்கையன் சிவப்புக் கொடியைப் பிடுங்கி இரண்டு கையாலும் வீசிக்கொண்டு, வாயை அகலத் திறந்து, கத்திக் கத்தி முகம் கறுத்துப்போயிருந்தான். எவ்வளவு நேரமாகக் கத்தினானோ.

விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். கண்மாய்க்கரை ஊரைச் சேர்ந்த ராக்கம்மாள் அவள். கருவேலங்காய் பொறுக்கக் கரை தாண்டி ஓடிவந்த குட்டியைப் பிடிக்கப் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறாள். ஆட்டுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவள் அழவில்லை. செத்த குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானத்துக்குள் ஊர்க்காரர்கள் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். பிரின்ஸ்பால் அறையில் எல்லாரையும் நிறுத்தி விசாரித்தார். பையன்கள், காதில் பஞ்சு இருந்தது சார், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். ராக்கம்மாள், நான் ஆட்டைப் பாத்து ஓடுனேன், வேற எதையும் பாக்கலை என்றாள். மொக்கையன் பேசியபோது ராஜகுரு அவன் உதட்டைப் பார்த்தார்.

"தொண்டை கிழியக் கத்துனேன் சார். கோச் சார் திரும்பவே இல்லை."

பிரின்ஸ்பால் ராஜகுருவிடம் திரும்பினார். மூன்று மாநிலக் கேடயங்கள் அந்த அறையின் அலமாரியில்தான் இருந்தன.

"அவன் கத்தலை," என்றார் ராஜகுரு.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் முடிந்துவிட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மொக்கையனிடம் சொன்னார்கள். மொக்கையன் சண்டை போடவில்லை. வாசலில் அவரைக் கடந்து போகும்போது நின்று, முகத்துக்கு நேரே, "நீங்களா சார்?" என்று மட்டும் கேட்டான். எத்தனையோ உதடுகளைப் பாதிதான் படித்திருக்கிறார். இதை முழுசாகப் படித்தார்.

சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தபோது ராஜகுருவின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாகத் தெருமுனையில் காலை ஊன்றியதுமே தரையின் அதிர்வு காலில் ஏறும். அதை வைத்துத்தான் குரலைக் கூட்டுவார். அன்று காலே நடுங்கியதில் தரையைக் கவனிக்கவில்லை. கோகிலாம்பாள் தட்டை வைத்துவிட்டு விலகினாள். அவர் உட்காரவில்லை. நாலு வருஷமாக இந்த வீட்டில் பேசாததெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது.

"மொக்கையன் கத்தவே இல்லை, தெரியுமா? கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா? அவனுக்கு வேலை போனா நான் என்ன செய்ய? ஒரு வாரத்துல போட்டி! நான் என்ன செய்ய, சொல்லு!"

தறித் தெருவில் கத்துகிற கத்துதான் அது. அவர் எதிர்பார்த்தபடி கோகிலாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவரையே வெறித்துப் பார்த்தாள். ஜன்னலில் முத்துலட்சுமி நின்று பார்த்தாள். வாசலில் எதிர்வீட்டு ஆள் வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். தறி ஓடுகிற நேரத்தில் இவர்கள் ஏன் தறியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்?

ராஜகுரு ஜன்னல் வழியாகப் பார்த்தார். முத்துலட்சுமியின் தறி நின்றுகொண்டிருந்தது. குறுக்கே ஓடும் நாடாக் கட்டை பாதி வழியில் நூலுக்குள் கிடந்தது. மேலே மின்விசிறி நின்றுகொண்டிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் சொம்புத் தண்ணீர் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. கரண்டு போயிருக்கிறது. எப்போது போனதோ. ஊசி விழுந்தாலும் கேட்கிற தெருவில் நின்றுகொண்டு, ஓடாத தறிகளுக்கு மேலே அவர் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

கோகிலாம்பாள் போய் வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு அவருக்குப் பின்னால் போனாள். அவர் அசையாமல் நின்றார். ஜன்னலில் நின்ற முத்துலட்சுமியின் கண், அவர் தோளைத் தாண்டிப் போய், திரும்ப அவர் முகத்துக்கு வந்து, கலங்கியது. பின்னாலிருந்து அவள் கூப்பிட்டிருக்கிறாள் என்று அதில்தான் தெரிந்தது. திரும்பினார். கோகிலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மெதுவாகக் கையை எடுத்தாள். தறித் தெரு உதட்டால் கேட்டாள்.

"எப்ப இருந்து?"

நாலு வருஷம் கழித்து அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"உங்கப்பா இருக்கும்போதே," என்றார். "மஞ்சள் பையைப் பாத்து, சந்தைக்குன்னு நினைச்சேன் கோகிலா."

அவள் முகத்தில் ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. வந்தது கோபம். அப்படி ஒரு கோபத்தை அவர் அவளிடம் பார்த்ததில்லை. உதடு படபடவென்று அடித்தது. அத்தனை வேகத்தில் அவரால் படிக்க முடியவில்லை. 'கல்லு' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது பிடிபட்டது. கல் என்று நினைத்தேன், கல்லோடு குடும்பம் நடத்தினேன், கல்லாக இருந்தால்கூடப் பரவாயில்லை — இப்படி ஏதோ. இவ்வளவு பெரிய பொய்யை, அவளைப் பேச்சுக்குப் பட்டினி போட்டு வளர்த்திருக்கிறார். அவள் கோபப்பட்டது சரிதான். பேசி முடித்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராஜகுரு சோற்றுத் தட்டை மூடி வைத்தார். பிறகு சைக்கிளை எடுத்துக் கல்லூரிக்கே திரும்பப் போனார்.

பிரின்ஸ்பால் மேஜைமேல் விசிலைக் கழற்றி வைத்தார். "மொக்கையன் கத்துனான் சார். எனக்குத்தான் கேக்கலை. அஞ்சு வருஷமாக் கேக்கலை," என்றார். எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து அறை ஆபீஸ் கிளார்க்குகள் எழுந்து வந்துவிட்டார்கள்.

பிரின்ஸ்பால் கையைக் காட்டி கிளார்க்குகளைப் போகச் சொன்னார். பிறகு விசிலை அவர் பக்கமே மெல்லத் தள்ளினார். போட்டி முடியட்டும், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உதடு சொன்னது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். ராஜகுருவுக்கு அந்தச் சொல் எங்கே சுட்டது என்று பிரின்ஸ்பாலுக்குத் தெரிய நியாயமில்லை.

"வேண்டாம் சார். அந்தப் பொம்பளை நின்ன இடத்தை நான் பாத்துட்டேன். மொக்கையனை வரச் சொல்லுங்க," என்றார். விசிலை அவர் தொடவில்லை.

மொக்கையன் கேட்டுக்குப் பக்கத்தில் தன் கம்பு, போர்வையை எல்லாம் கட்டிக்கொண்டிருந்தான். ராஜகுரு போய், நடந்ததைச் சொல்லி, "தப்பு செஞ்சுட்டேன் மொக்கையா," என்றார். மொக்கையன் குனிந்த தலையோடு ஏதோ சொன்னான். உதடு தெரியவில்லை. திட்டினானோ, பரவாயில்லை என்றானோ. திரும்பச் சொல் என்று கேட்க வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு நடந்தார். விளையாட்டு மைதானத்தில் வெள்ளத்துரை குழாய்மேல் பத்துப் பைசாவை வைத்துக்கொண்டு தனியாகப் படுத்திருந்தான். அது விழவில்லை. ராஜகுரு நின்று பார்த்தார். ஆனால் அவனைக் கூப்பிடவில்லை. பத்து வருஷமாக அவருக்கென்று இருந்த ஒரே இடம் அந்த ஜமுக்காளத்துக்குப் பக்கத்தில்தான்.

தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்கியபோது காலில் அதிர்வு ஏறியது. கரண்டு வந்துவிட்டது. தெருவில் இருந்தவர்கள் தறியில் கையும் அவர்மேல் கண்ணுமாக இருந்தார்கள். இனி யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. அது அவருக்குச் சந்தோஷமாக இல்லை, வெறுமையாக இருந்தது. வீட்டில் அவள் இருப்பாளோ, திருச்சுழிக்குக் கிளம்பிப் போயிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டே படியேறினார். போயிருந்தால் அவளைக் குறை சொல்ல முடியாது.

கோகிலாம்பாள் கூடத்தில் நின்றாள். முகம் கழுவி, வெளியே கட்டுகிற சேலை கட்டியிருந்தாள். கையில் மஞ்சள் பை இருந்தது.

சரி, போகிறாள் என்று நினைத்தார். வழியை விட்டு ஒதுங்கினார்.

அவள் போகவில்லை. அவர் முகத்துக்கு நேரே, வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி, வந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் எடுத்து, அவர் படித்துவிட்டாரா என்று பார்த்து, அடுத்ததை எடுத்தாள்.

"அப்பாவுக்கு... முடியலையாம். போய்ப்... பாத்துட்டு... வரட்டுமா?"

ராஜகுரு அதை முழுசாகப் படித்தார்.

"போயிட்டு வா. இப்பவே கிளம்பு. நானும் வாரேன்."

அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "அம்மாகிட்ட நீங்களே சொல்லணும்," என்றாள் உதட்டால்.

"சொல்றேன்."

"சத்தமாச் சொல்லிராதீக," என்றாள். "தெருவே கூடிரும்."

அவர் அவள் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கிக்கொண்டார். நாலு வருஷம் பிந்தி, இரண்டு பேரும் திருச்சுழி பஸ்ஸுக்கு நடந்தார்கள்.